மாட்டுப்புல்லா, மணிலாவா, பிளாஸ்டிக்கா: தரைவீட்டு முற்றத்துக்கு எது ஒத்துவரும்?

கார் நிறுத்துமிடம் போக, சிங்கப்பூர்த் தரைவீடுகளில் முன்பக்கமோ பக்கவாட்டிலோ 20, 30 சதுர மீட்டர் மண் மிச்சமிருக்கும். முன்பிருந்தவர் விட்டுப்போன புல் பாதி செத்தும் பாதி களையாகவும் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் செயற்கைப் புல் போட்டுவிட்டார், பளிச்சென்று இருக்கிறது. தாம்சன் சாலை நர்சரியில் பேர்ல் கிராஸ் என்கிறார்கள். ஊரிலிருந்து வந்த பெரியவரோ அருகம்புல் போடு, பிள்ளையாருக்கும் ஆகும் என்கிறார். வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் பாதி, இந்த மூன்று குரலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுடையவை.

எந்தப் புல் அழகு என்று தொடங்கினால் முடிவுக்கு வரவே முடியாது. அந்த மண்ணில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, மண்ணுக்கு அடியில் என்ன கிடக்கிறது, அதன்மேல் யார் நடக்கப்போகிறார்கள், யார் வெட்டப்போகிறார்கள். இந்த நான்குக்கும் விடை தெரிந்தால், பட்டியலில் பாதி தானே கழிந்துவிடும்.

## முதலில் அளக்க வேண்டியவை

### வெயில்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.3 டிகிரி வடக்கே இருப்பதால், சூரியன் ஆண்டு முழுவதும் உச்சந்தலைக்கு மேலேயே இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். மார்கழியில் நடுப்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 25 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். ஆனியில் 22 டிகிரி வடக்கே. 10 மீட்டர் உயர வீடு, மார்கழி நடுப்பகலில் வடக்குப் பக்கம் நாலரை மீட்டருக்கு நிழல் போடும். வடக்கே 3 மீட்டர் அகலத்தில் ஒரு பட்டை மண் இருந்தால், அது முழுக்க அந்த நிழலுக்குள் போய்விடும். அதே பட்டையில் ஆனியில் வெயில் கொளுத்தும். தெற்குப் பட்டைக்கு இது தலைகீழ்.

ஜூனில் வீட்டைப் பார்த்துவிட்டு, நல்ல வெயில் என்று வடக்குப் பக்கம் மணிலாப் புல் போட்டவர்கள் டிசம்பரில் பாசியைப் பார்ப்பது இதனால்தான். போதாக்குறைக்கு டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். வானமும் மூடிக்கிடக்கும்.

அளப்பது சுலபம். வானம் தெளிந்த ஒரு நாளில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, மணிக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுங்கள். மண்ணில் நேர்வெயில் விழுந்த படங்களை எண்ணினால் வெயில் மணிக்கணக்கு கிடைத்துவிடும். வீட்டின் எந்தப் பக்கம் என்பதைத் திசைகாட்டியில் பார்த்து, மறுபாதி ஆண்டுக்கு அதைக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மூன்று மாடிக்கு இடித்துக் கட்டுகிறார்கள் என்றால், அது எழும்பி முடியும்வரை புல்லில் பணம் போடாதீர்கள்.

நிழலைக் காசால் வெல்ல முடியாதா என்று கேட்பவர்களுக்கு: 2014இல் திறந்த தேசிய விளையாட்டரங்கின் புல், கூரை நிழலில் பிடிக்காமல் மணலும் திட்டுமாகத் தெரிந்து ஊரே பேசியது. வெயிலுக்குப் பதிலாக வெளிச்சம் தரும் வளர்ச்சி விளக்குகளைக் கொண்டுவந்து வைத்துத்தான் புல்லைத் தேற்றினார்கள். நம் வீட்டு முற்றத்துக்கு அந்த வசதி கிடையாது.

### மண்

இந்தத் தீவின் மண் பெரும்பாலும் களிப்பானது, அமிலத்தன்மை கொண்டது. புதுப்பித்துக் கட்டிய வீடு என்றால் அதன்மேல் கட்டட வேலையின் எச்சமும் சேர்ந்திருக்கும். ஒரு கடப்பாரை எடுத்து முற்றத்தில் நாலைந்து இடங்களில் குத்திப் பாருங்கள். 10 சென்டிமீட்டரிலேயே "டங்" என்று சத்தம் வந்தால் உள்ளே சிமெண்டுக் கட்டியும் ஓட்டுச்சில்லும் கிடக்கின்றன. அந்த இடத்தில் எந்தப் புல் போட்டாலும், மழை இல்லாத வாரத்தில் திட்டாக மஞ்சளாகும். மேலே மண் ஆழம் குறைவு, வேருக்குத் தண்ணீர் நிற்க இடமில்லை.

வடிகால் சோதனைக்கு 30 சென்டிமீட்டர் ஆழக் குழி ஒன்று போதும். தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர்கூட இறங்கவில்லையென்றால் முதல் செலவு புல்லுக்கு அல்ல, சரிவுக்கும் வடிகாலுக்கும்தான். இதைத் தவிர்த்துவிட்டுச் செயற்கைப் புல் போட்டு மூடினாலும் தண்ணீர் அடியில் நிற்கத்தான் செய்யும்.

### கால்களும் கத்தியும்

வாசலிலிருந்து குப்பைத்தொட்டிக்கும், துணி காயப்போடும் இடத்துக்கும் தினமும் போகும் வழி ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. அந்தத் தடத்தில் எந்தப் புல்லும் நிற்காது. அங்கே நடைக்கல் பதிப்பதுதான் தீர்வு. ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 60 சென்டிமீட்டர், கல்லின் மேற்பரப்பு மண்மட்டத்துக்கு. கல் தூக்கலாக நின்றால் புல்வெட்டியின் கத்தி அதில் அடிபடும்.

அடுத்தது வெட்டுகிறவர். குளிர்நாட்டுப் புல் ஆண்டில் சில மாதம் தூங்கும். இங்கே 12 மாதமும் வளரும். ஆகவே புல்லின் உண்மை விலை, போடும்போது கொடுப்பதல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட ஆள் வந்தால் ஆண்டுக்கு 26 தடவை. அந்தக் கூலியை 26ஆல் பெருக்கி, மூன்று ஆண்டுக்குக் கணக்கிட்டுவிட்டு மேலே படியுங்கள்.

தண்ணீருக்குப் பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. 30 சதுர மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் அளவு தண்ணீர் என்றால் 150 லிட்டர். புதிதாகப் போட்ட புல்லுக்கு இரண்டு வாரம் தினமும் ஊற்றினால் 2.1 கன மீட்டர். 2025 ஏப்ரலிலிருந்து வீட்டுத் தண்ணீர் கன மீட்டருக்கு 3.24 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. வரியும் சேர்த்து மொத்தம் ஏழரை வெள்ளிக்குள் முடிந்துவிடும். அதன்பிறகு பெரும்பாலான மாதங்களில் வானமே பார்த்துக்கொள்ளும்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | தேவையான நேர்வெயில் | வெட்டு | நடமாட்டம் தாங்குமா | போடும் செலவு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| மாட்டுப்புல் | 3 முதல் 4 மணி | 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை | ஓரளவு, சீக்கிரம் மீளும் | மிகக் குறைவு | வெட்டுக்கூலி, களை |
| பேர்ல் | 3 முதல் 4 மணி | 4 முதல் 6 வாரம் | குறைவு | நடுத்தரம் | உரம், திட்டு நிரப்புதல் |
| மணிலா | 6 மணிக்கு மேல் | 2 முதல் 3 வாரம் | நன்றாகத் தாங்கும், மெதுவாக மீளும் | அதிகம் | கூர்மையான கத்தி, சருகுப் படலம் நீக்குதல் |
| செயற்கைப் புல் | தேவையில்லை | இல்லை | தாங்கும் | மிக அதிகம் | மண் அகற்றல், அடித்தளம், மாற்றும் செலவு |
| கொடிக்கடலை | 4 மணிக்கு மேல் | 2 மாதத்துக்கு ஒருமுறை ஓரம் மட்டும் | தாங்காது | நடுத்தரம் | முதல் 4 மாதம் கைக்களை |
| நிழல் செடிகள் | 1 முதல் 3 மணி | இல்லை | தாங்காது | அதிகம் | செடி எண்ணிக்கை |

## மாட்டுப்புல்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளுக்கு நடுவிலும் சாலையோரத்திலும் நாம் தினம் மிதிக்கும் அகல இலைப் புல் இதுதான். நர்சரியில் கவ் கிராஸ் என்று கேட்டால் தருவார்கள். தாவரப் பெயர் ஆக்ஸோனோபஸ் கம்ப்ரெஸ்ஸஸ். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. வந்த இடத்தில் அமில மண்ணையும் பாதி நிழலையும் பழகிக்கொண்டது. இந்தத் தீவுக்கு இதைவிடச் சுலபமான புல் கிடையாது.

சுலபம் என்றால் வேலை இல்லை என்று பொருளல்ல. வெட்டிய நான்கைந்து நாளில் கவட்டை மாதிரி இரண்டு மூன்று கிளை விரித்த பூந்தண்டு மேலே எழும்பும். புல் இன்னும் கட்டையாகவே இருக்கும், ஆனால் தண்டுகள் நிற்பதால் முற்றம் பராமரிப்பற்றதாகத் தெரியும். மழை மாதங்களில் 10 நாளுக்கு ஒருமுறை வெட்டினால்தான் பார்க்கும்படி இருக்கும்.

வெட்டும் உயரம் 4 முதல் 5 சென்டிமீட்டர். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. பெரும்பாலான தோட்டக்காரர்கள் தோளில் மாட்டிய நைலான் நூல் இயந்திரத்தோடு வருகிறார்கள். அடுத்த முறை தள்ளிப்போகட்டும் என்று தரையோடு வழித்துவிட்டுப் போவதும் உண்டு. அப்படி வழித்தால் படரும் தண்டு வெளியே தெரியும், மண்ணில் வெயில் படும், அந்த இடைவெளியில் தொட்டாற்சிணுங்கியும் கோரையும் முளைக்கும். களை அதிகம் என்று புலம்பும் வீடுகளில் பாதிப்பேருக்குக் களைக்கொல்லி வேண்டியதில்லை. வெட்டும் உயரத்தை இரண்டு சென்டிமீட்டர் கூட்டினாலே போதும்.

வேர் மேலோட்டமானது என்பதால் வறட்சியில் சீக்கிரம் பழுத்துவிடும். 2014 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை மழை ஏமாற்றியபோது தீவெங்கும் சாலையோரம் வைக்கோல் நிறமாகக் கிடந்தது நினைவிருக்கும். மழை வந்ததும் தானே பச்சையானது. பிப்ரவரியில் பழுப்பானால் செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாதீர்கள்.

வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள், நாய், பந்து, வாரக் கடைசியில் பத்துப் பேர் வந்து போகும் வீடு என்றால் இதுவே ஏற்றது. மிதிபட்ட இடம் மூன்று நான்கு வாரத்தில் மூடிக்கொள்ளும். பட்டுக்கம்பளம் மாதிரி வேண்டும் என்பவர்களுக்கு ஒத்துவராது.

### பேர்ல்

இதே இனத்தின் குட்டை வகை. இலை சிறியது, நெருக்கமாகப் படரும், உயரமாக வளராது. மாதம் ஒருமுறை வெட்டினால் போதும் என்பதுதான் கவர்ச்சி. நிழலையும் தாங்கும். பசி மட்டும் அதிகம். உரம் இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் வெளிறிப்போகும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 15-15-15 உரம் சதுர மீட்டருக்கு 20 கிராம், 30 சதுர மீட்டருக்கு 600 கிராம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் ஒட்டினால் கருகும். இடிமழைக்கு முன் தூவினால் உரம் கால்வாய்க்குப் போய்விடும். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, ஆகவே நம் வீட்டுக் கால்வாய்த் தண்ணீர் கடைசியில் நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்கே போய்ச்சேர வாய்ப்பு அதிகம்.

பந்து விளையாடும் வீட்டுக்குப் பேர்ல் வேண்டாம். திட்டு விழுந்தால் மாட்டுப்புல் மாதிரி ஓடி மூடாது. பார்க்க மட்டும் இருக்கும் முன்முற்றத்துக்கு, அதுவும் பாதி நிழலில், இதைவிட நல்லது இல்லை.

## மணிலா

ஸோய்சியா மாட்ரெல்லா. ஊசி இலை, அடர்த்தி, காலுக்கு மெத்தை. ஆசியக் கடலோரப் புல் என்பதால் உப்புக் காற்றையும் வறட்சியையும் தாங்கும். ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் திறந்த வெயிலில் இருக்கும் வீட்டுக்குப் பொருத்தம். ஆறு மணி நேர்வெயில் இருந்தால் இது களையை உள்ளே விடாது. நாலு மணி என்றால் மெலிந்து, நடுவே பாசி ஏறும். நிழலில் இதைத் தேற்ற உரம் போடுவது, பசியில்லாதவனுக்குச் சோறு திணிப்பது போல. இலை நீண்டு நலியும், பூஞ்சை பிடிக்கும், அவ்வளவுதான்.

விலையைவிட இதில் மாட்டிக்கொள்வது இரண்டு இடங்களில்.

முதலாவது கத்தி. மணிலா இலை நார்த்தன்மை கொண்டது. மழுங்கிய கத்தியோ நைலான் நூலோ பட்டால் அறுபடாது, கிழியும். ஓர் இலையைப் பறித்து நுனியைப் பாருங்கள். நேர்கோட்டில் பச்சையாக இருந்தால் கத்தி சரி. வெள்ளை நாராகப் பிசிறியிருந்தால் இரண்டு நாளில் அந்த நுனி காய்ந்து, முற்றம் முழுக்கப் பழுப்புப் பூத்தது போல் தெரியும். நோய் என்று நினைத்து மருந்தடிப்பார்கள். சிறு இடம் என்றால் உருளைக் கத்தி கொண்ட கைப்புல்வெட்டி வாங்கிக்கொள்வது நல்லது. 30 சதுர மீட்டருக்கு அரை மணி நேர வேலை. வெட்டும் உயரம் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர்.

இரண்டாவது சருகுப் படலம். பச்சைக்கும் மண்ணுக்கும் இடையே செத்த தண்டும் வேரும் சேர்ந்து பஞ்சு மாதிரி ஓர் அடுக்கு உருவாகும். கத்தியால் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டித் தூக்கிப் பார்த்தால் பழுப்பாகத் தெரியும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் தண்ணீர் மண்ணுக்கு இறங்காது, மேலே மேடு மேடாக எழும்பும், அந்த மேட்டில் கத்தி பட்டு வழுக்கையாகும். ஆண்டுக்கு ஒருமுறை இரும்பு வாரியால் அழுத்தி வாரி எடுத்து, கழுவிய மணலை 5 மில்லிமீட்டர் தூவித் துடைப்பத்தால் தேய்த்துவிட வேண்டும். 30 சதுர மீட்டருக்கு 150 லிட்டர் மணல், 25 லிட்டர் மூட்டையில் ஆறு. வாரிய பிறகு மூன்று நான்கு வாரம் முற்றம் அலங்கோலமாக இருக்கும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் இதைத் தொடங்க வேண்டாம்.

இதைவிட மெல்லிய இலை கொண்ட ஸோய்சியா வகை ஒன்றும் விற்கிறது, கொரியன் புல் என்பார்கள். வெட்டாமல் விட்டால் பச்சைத் தலையணைகளாகப் புடைக்கும். ஜப்பானியத் தோட்டம் போல் வேண்டும் என்பவர்களுக்கு அது அழகு. மற்றவர்களுக்குத் தலைவலி.

### அருகம்புல் பற்றி ஒரு வார்த்தை

அருகம்புல்லும் திடல்களில் போடும் பெர்முடாவும் ஒரே இனம்தான். முழு வெயில், அதாவது ஏழெட்டு மணி நேரம் வேண்டும். வேகமாகப் படரும், வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும், பூச்சட்டிக்குள்ளும் கல் இடுக்கிலும் புகும். ஒருமுறை புகுந்தால் பிடுங்கப் பிடுங்க வரும். பிள்ளையாருக்கு வேண்டுமானால் ஒரு தொட்டியில் வளருங்கள்.

## செயற்கைப் புல்

வெட்ட வேண்டாம், சேறு இல்லை, மழைக்காலத்திலும் ஒரே பச்சை. விற்பவர்கள் சொல்லும் இந்த மூன்றும் உண்மை. சொல்லாமல் விடுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சூடு. உண்மைப் புல் நீராவி விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வழியில்லை. நடுப்பகல் நேர்வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளை மதியம் 2 மணிக்கு வெறுங்காலோடு இறங்க முடியாது, நாயின் பாதமும் சுடும். தண்ணீர் அடித்தால் இறங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறும். எதிர்வீட்டுப் பெரிய கண்ணாடிச் சன்னல் வெயிலைத் திருப்பி ஓரிடத்தில் குவித்தால் நார் உருகிச் சுருண்டுவிடும். ஒரே கோட்டில் கருத்த திட்டு தெரிந்தால் காரணத்தை எதிரே தேடுங்கள்.

அடித்தளம். மண்மேல் நேராக விரித்த செயற்கைப் புல் ஆறு மாதத்தில் அலை அலையாகும். முறைப்படி செய்ய 10 சென்டிமீட்டர் மண்ணை எடுக்க வேண்டும். 30 சதுர மீட்டருக்கு 3 கன மீட்டர். ஈரக் களிமண் என்றால் ஏறக்குறைய 5 டன். அதை லாரியில் ஏற்றி அனுப்பும் செலவு விலைப்பட்டியலில் உண்டா என்று கேளுங்கள். பிறகு உடைகல் பரப்பி, அடுக்கடுக்காக இடித்து, 100க்கு 1 என்ற சரிவு கொடுத்து, மேலே மெல்லிய கல்தூள், அதன்மேல் களை வராத துணி, அதன்மேல் புல். நாருக்கு நடுவே கழுவிய சிலிக்கா மணல் சதுர மீட்டருக்கு 5 கிலோவாவது. மணல் இல்லாவிட்டால் நார் ஒரு பக்கமாகப் படுத்துவிடும், ஓரங்கள் எழும்பும்.

இணைப்பு. சுருள்கள் பொதுவாக 2 அல்லது 4 மீட்டர் அகலம். எல்லாச் சுருளிலும் நார் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நிறமாகத் தெரியும். பசை ஈரத்தில் பிடிக்காது. மழை மாதத்தில் ஒட்டிய இணைப்புகள்தான் முதலில் பிரியும்.

நாய் இருக்கிறதா? சிறுநீர் மணலில் இறங்கி நாற்றமாகும். திறந்த இடத்தில் மழை கழுவும். கார் நிறுத்துமிடக் கூரைக்குக் கீழே கழுவாது, வாரத்துக்கு இரண்டு முறை குழாய் பிடிக்க வேண்டும். மாமரம், ரம்புத்தான் மரத்தடியில் போட்டால் இலையும் பூவும் நாருக்குள் மக்கி, அதில் பாசி முளைக்கும். பிளாஸ்டிக்கில் களை பிடுங்குவதைப் போல வெறுப்பான வேலை வேறில்லை. சரிவு தவறி அடியில் தண்ணீர் தேங்கினால் சுருளின் ஓரத்தில் கொசு முட்டையிட இடம் கிடைக்கும். டெங்கிச் சோதனைக்கு வரும் அதிகாரிகள் தூக்கிப் பார்க்கவும் கூடும்.

எட்டுப் பத்து ஆண்டில் நார் மெலிந்து உதிரத் தொடங்கும், மண்ணில் பிளாஸ்டிக் தூளாகக் கலக்கும். உருவி எடுத்தால் குப்பைதான். இங்கே எரியும் குப்பை எரிஉலைக்குப் போய், சாம்பல் செமாக்காவ் தீவின் குப்பைக்கிடங்குக்குப் போகும். அடியில் கல்லாக இடித்த இடத்தில் மறுபடி புல் வளர்க்க நினைத்தால், எடுத்த மண்ணைத் திரும்ப விலைக்கு வாங்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும் சில இடங்களுக்கு இதுதான் சரி. கான்கிரீட் தளம், மாடி, வெயிலே விழாத இரண்டு சுவருக்கு நடுவிலுள்ள சந்து, பால்கனி. நடக்க முடியாத முதியவர் மட்டும் இருக்கும், ஆள் வைத்து வெட்ட முடியாத வீடு. இங்கெல்லாம் தயங்க வேண்டாம். திறந்த வெயிலில், நல்ல மண் இருக்கும் முற்றத்தில் பிளாஸ்டிக் விரிப்பதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

## புல்லே வேண்டாம் என்றால்

### கொடிக்கடலை

அராக்கிஸ் பிண்டோய். வேர்க்கடலையின் பிரேசில் உறவு. மஞ்சள் பூ, தரையோடு படர்வு, அவரைக் குடும்பம் என்பதால் காற்றிலிருந்து நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும். உரச்செலவு கிட்டத்தட்ட இல்லை. சரிவான மண் மழைக்குக் கரையும் இடத்துக்கு இதைவிட நல்ல தேர்வு கிடையாது.

20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 25 கன்று, 30க்கு 750. மூடிக்கொள்ள மூன்று நான்கு மாதம். அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குனிந்து கையால் களை எடுக்க வேண்டும். முக்கியமாகக் கோரை, அடியிலிருக்கும் கிழங்கோடு. விட்டால் மேலே கடலையும் நடுவே கோரையும் பின்னிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. மூடிய பிறகு ஓரம் வெட்டும் வேலை மட்டும்தான், இல்லாவிட்டால் கால்வாய்க்குள் இறங்கும். பூவுக்குத் தேனீ வரும், வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் இடத்தில் வேண்டாம்.

இதைப் போலவே மஞ்சள் பூப்பூக்கும் இன்னொரு கொடி சிங்கப்பூர் டெய்சி. பெயரைப் பார்த்து நம்மூர்ச் செடி என்று ஏமாறாதீர்கள், அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி அது. விட்ட இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

### நிழலுக்கு

மூன்று மணிக்கும் குறைவான வெயில் என்றால் புல் ஆசையை விட்டுவிடுவது நல்லது. மோண்டோ எனப்படும் கரும்பச்சைக் குத்துச்செடி, பெரணி, பண்டான் போன்றவை நிற்கும். மோண்டோவை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால் சதுர மீட்டருக்கு 44, முப்பதுக்கு 1,320 செடி. ஒரு செடி மலிவாகத் தெரியும், பெருக்கிப் பார்த்த பிறகுதான் மலைப்பு. வாங்கிய தொட்டியை மூன்று நான்காகப் பிரித்து நடலாம், பொறுமை இருந்தால்.

கூழாங்கல்லும் உண்டு. போட்ட ஓராண்டு அருமை. பிறகு இலையும் தூசியும் கல்லிடுக்கில் சேர்ந்து மண்ணாகி, துணிக்கு மேலேயே களை முளைக்கும். குளிரூட்டி இயந்திரத்தடிக்கும் சுவரோரச் சொட்டு விழும் பட்டைக்கும் போதுமானது. முற்றம் முழுக்க வேண்டாம்.

## எந்த வீட்டுக்கு எது

குழந்தைகள், நாய், மூன்று நான்கு மணி வெயில்: மாட்டுப்புல், நடைத்தடத்தில் கல். வெட்ட ஆள் இருக்க வேண்டும்.

பார்வைக்கு முன்முற்றம், பாதி நிழல், மாதம் ஒருமுறைதான் ஆள் வருவார்: பேர்ல்.

தெற்கோ வடக்கோ மறைப்பில்லாத மூலைவீடு, ஆறு மணிக்கு மேல் வெயில், வெட்டுவதில் ஆர்வமுள்ளவர்: மணிலா. வாடகை வீடு என்றால் மணிலா போடாதீர்கள், அது முழுதாக அமைவதற்குள் குத்தகை முடிந்துவிடும்.

வடக்குப் பட்டை, ஆனியில் வெயில், மார்கழியில் இருட்டு: சுவரை ஒட்டிய ஒரு மீட்டருக்கு மோண்டோ, மிச்சத்துக்குப் பேர்ல். ஒரே வகையை எல்லா இடத்திலும் விரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நடுவே செங்கல் ஓரம் வைத்துப் பிரித்துவிடுங்கள்.

சரிவு: கொடிக்கடலை. கான்கிரீட்: செயற்கைப் புல்.

## உண்மைப் புல் என்று முடிவானால்

விலைப்பட்டியலில் புல்லின் பெயரைவிட மண் ஆழத்தைப் பாருங்கள். மலிவாகச் சொல்பவர்கள் இரண்டு சென்டிமீட்டர் மண்ணைத் தூவி அதன்மேல் பத்தையை, அதாவது மண்ணோடு வெட்டியெடுத்த புல் துண்டை, விரித்துவிடுவார்கள். ஒரு மாதம் பச்சையாக இருக்கும், பிறகு தெரியும். 10 சென்டிமீட்டர் நல்ல மண் வேண்டும். நர்சரிகளில் ஏஎஸ்எம் என்று விற்கும் கலவை, 3 பங்கு மண், 2 பங்கு மக்கிய உரம், 1 பங்கு மணல். 30 சதுர மீட்டருக்கு 3 கன மீட்டர், 25 லிட்டர் மூட்டையில் 120. அத்தனை மூட்டையை யார் தூக்குவது, வாசலில் இறக்குவதா உள்ளே கொண்டுவந்து பரப்புவதா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய மண்ணை 15 சென்டிமீட்டர் கொத்தி, கல் பொறுக்கி, டோலமைட் சுண்ணாம்பு சதுர மீட்டருக்கு 100 கிராம் கலந்து, அதன்மேல் புது மண். வீட்டுச் சுவரிலிருந்து கால்வாய்ப் பக்கம் சரிவு இருக்கட்டும். புல் மட்டம் கால்வாய் ஓரத்தைவிட ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் மழையில் மண் வெளியேறாது.

பத்தை வந்த அன்றே விரிக்க வேண்டும். அடுக்கி வைத்த பத்தைக்குள் கைவிட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உள்ளே வேக ஆரம்பித்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள். பின்பக்கம் கருப்புக் குண்டுமணி மாதிரி கோரைக்கிழங்கு தெரிந்தாலும் அப்படியே. நெருக்கமாக, செங்கல் கட்டுவது போல இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் விரித்து, இடுக்கில் மணல் தூவி, பலகை போட்டு மிதித்து அழுத்த வேண்டும். இடைவெளி விட்டுத் துண்டு துண்டாகப் பதிப்பது மலிவு. மாட்டுப்புல்லுக்கு அது போதும், இரண்டு மாதத்தில் கூடிவிடும். மணிலாவை அப்படிப் பதித்தால் அது ஓடி மூடுவதற்குள் களை முந்திக்கொள்ளும்.

பிப்ரவரி வறட்சியைத் தவிர்த்து, டிசம்பர், ஜனவரி அடைமழையையும் தவிர்த்தால் மார்ச் கடைசியிலிருந்து மே வரை நல்ல காலம். மதிய இடிமழை பாதித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து ஒரு பத்தையின் மூலையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் வேர் இறங்கவில்லை, முதல் வெட்டை இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.